மரத் தலையணை வைத்த அணுப் பெட்டி: தெரியுமா?

அணு உலையில் எரிந்து முடிந்த யுரேனியத்தை லாரியில் ஏற்றி, மற்ற லாரிகளோடு லாரியாக நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள், தெரியுமா? கூட்ஸ் ரயிலிலும் போகிறது! அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களிலும் நீர்மூழ்கிகளிலும் எரிந்த அணு எரிபொருளை 1957லிருந்து ரயிலில்தான் ஐடஹோ மாநிலத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 1962லிருந்து ரயில் ஓடுகிறது. அதில் பல வண்டிகள் லண்டன் மாநகரத்துக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தவை!

அந்தச் சரக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். விரல் நுனி அளவு ஒரு கறுப்பு வில்லை. ஏழு கிராம்தான் இருக்கும். இப்படி நூற்றுக்கணக்கான வில்லைகளை ஒரு மெல்லிய உலோகக் குழாயில் அடுக்கினால் ஒரு குச்சி. 264 குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால், நான்கு மீட்டர் நீளத்தில் அறுநூறு கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு கட்டு. புதுசாக வரும்போது கையுறை போட்டுத் தொடலாம். உலையிலிருந்து வெளியே எடுத்த பிறகு, மறைப்பில்லாமல் பக்கத்தில் சில நிமிடம் நின்றாலே ஆள் பிழைக்க மாட்டார். வருடக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஆறப்போட்ட பிறகும், ஒரு கட்டு மட்டும் சின்ன மின்சார அடுப்பு அளவுக்குச் சூடு கக்கிக்கொண்டிருக்கும்!

இதை வைத்து அனுப்பும் பெட்டகத்தின் கனம் தெரியுமா? லாரியில் போவது சுமார் 25 டன். உள்ளே இருக்கும் சரக்கு? நான்கு கட்டுகள், அதாவது மூன்று டன்கூட இல்லை! சில பழைய பெட்டகங்களில் ஒரே ஒரு கட்டுதான். அமெரிக்க நெடுஞ்சாலையில் சிறப்பு அனுமதி இல்லாமல் ஒரு லாரியின் மொத்த எடை 36 டன்னைத் தாண்டக் கூடாது என்பதால், அதற்கு மேல் வைக்க வழியில்லை. சுமைகூலி கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் எஃகுக்கும் ஈயத்துக்கும்தான். ரயில் பெட்டகம் வேறு ஜாதி: 100 டன்னுக்கு மேல் கனம், உள்ளே முப்பது கட்டுகளுக்கு மேல்கூட அடங்கும்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். பெட்டகத்தின் இரண்டு முனைகளிலும் பெரிய உருண்டைத் தொப்பிகள் மாட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உடற்பயிற்சிக்கூடத்து டம்பெல் படுத்திருப்பது மாதிரி இருக்கும். மோதினால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மெத்தைகள் அவை. அதற்குள் என்ன இருக்கிறது? சில வடிவங்களில் அலுமினியத் தேன்கூடு. பலவற்றில் மரம்! ஆமாம், சாதாரண மரம். கலிபோர்னியாவின் செம்மரமும் பால்சா மரமும். பால்சா என்றால் பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டு விமானம் செய்வார்களே, அதே எடையற்ற மரம்தான். நசுங்கும்போது மரம் ஒரே சீராக, கணக்குப் பிசகாமல் நசுங்கும். அணு யுகத்தின் ஆபத்தான சரக்குக்குத் தலையணை தைத்துக் கொடுத்தது தச்சன் பட்டறைச் சாமான்! எனக்கு இந்த விவகாரம் முழுவதிலும் ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஒரு பெட்டக வடிவத்துக்கு உரிமம் வேண்டுமென்றால் அது தாண்ட வேண்டிய பரீட்சை தெரியுமா? ஒன்பது மீட்டர், அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, துளிகூட விட்டுக்கொடுக்காத தரையில் விழ வேண்டும். அந்தத் தரைதான் சூட்சுமம். நிஜச் சாலையில் மண் குழியும், கான்கிரீட் நொறுங்கும், எதிரே வரும் கார் அப்பளமாகும், மோதலின் வேகத்தில் ஒரு பங்கை அவை குடித்துவிடும். பரீட்சைத் தரை எதையும் குடிக்காது. அதன் பிறகு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து எஃகு முளை ஒன்றின் மேல் விழ வேண்டும். பிறகு 800 டிகிரி செல்சியஸ் நெருப்பில் முப்பது நிமிடம் வேக வேண்டும். பிறகு தண்ணீர். மேலே சொன்ன மூன்று அடியையும் ஒரே பெட்டகம் வரிசையாக வாங்க வேண்டும், இடையில் பழுதுபார்ப்பது கிடையாது!

"பரீட்சையில் பாஸ் ஆவது சரி, நிஜ ரயில் வந்து மோதினால்?" என்று கேட்பீர்கள். அதையும் மோதிப் பார்த்தார்கள்!

1977, 78. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் சாண்டியா ஆய்வகத்துக்காரர்கள், ஓய்வுபெற்ற பழைய பெட்டகங்களை வாங்கி வந்தார்கள். ஒன்றை லாரியோடு சேர்த்து ராக்கெட் வைத்துத் தள்ளி, 690 டன் கான்கிரீட் சுவரில் மணிக்கு சுமார் 97 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டார்கள். லாரி தூள். பெட்டகம்? லேசான காயம். "போதாது" என்று 130 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தைக் கூட்டி மறுபடியும் ஒரு லாரி. பிறகு லெவல் கிராஸிங்கில் ட்ரெய்லர் மாட்டிக்கொண்ட மாதிரி நிறுத்தி, அதன் மேல் ரயில் இன்ஜினை 130 கிலோமீட்டர் வேகத்தில் விட்டார்கள். இன்ஜினின் முகம் கிழிந்து தொங்கியது. கடைசியாக ஒரு ரயில் பெட்டகத்தைச் சுவரில் மோதவிட்டு, அதே அடிபட்ட பெட்டகத்தை விமான எரிபொருள் தீயில் இரண்டு மணி நேரம் எரித்தார்கள். இத்தனையும் வேடிக்கைக்காக இல்லை. கணினி முன்கூட்டியே சொன்ன நசுங்கல் அளவும், நிஜத்தில் நசுங்கிய அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான். ஒத்துப்போயிற்று. பிற்பாடு வந்த மதிப்பீட்டுக் கணக்குகளுக்கு அந்த நம்பிக்கைதான் அஸ்திவாரம்.

ஆங்கிலேயர்கள் விடுவார்களா? 1984 ஜூலை 17. லெஸ்டர்ஷையர் பக்கம் ஓல்டு டால்பி என்ற சோதனைத் தண்டவாளம். டிரைவர் இல்லாத 140 டன் டீசல் இன்ஜின், பின்னால் மூன்று பயணிகள் பெட்டி, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம்! தண்டவாளத்தின் குறுக்கே, அடி பலமாக விழும் கோணத்தில் கிடத்திய 48 டன் பெட்டகம். டெலிவிஷனில் நாடே பார்த்தது. மோதிய மாத்திரத்தில் இன்ஜின் காணாமல் போய், புகையும் தூசியும் மட்டும் தெரிந்தன. பெட்டகத்துக்குள்ளே முன்பே காற்றை அழுத்தி அடைத்து வைத்திருந்தார்கள். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம். மோதலுக்குப் பிறகு அளந்தால் குறைந்தது 0.26 பவுண்டு! இந்தச் சோதனைக்கு 'ஸ்மாஷ் ஹிட்' என்று சினிமாப் பெயர் வேறு. செலவு 16 லட்சம் பவுண்டு. பாதுகாப்புக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு என்று அன்றே சிலர் முணுமுணுத்தார்கள். நியாயமான முணுமுணுப்புதான்.

நிஜ விபத்து நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது. 1971 டிசம்பர் 8, டென்னஸி மாநிலம். எதிரே வந்த வாகனத்தின் மேல் மோதாமலிருக்க ஒடித்த லாரி சாலையை விட்டு இறங்கியது. பெட்டகம் கழன்று பள்ளத்தில் போய் விழுந்தது. கதிரியக்கம் துளியும் வெளியே வரவில்லை. லாரி டிரைவர் இறந்துபோனார். இந்த வரியை மனதில் வைத்திருங்கள், திரும்ப வருவோம். 1987 மார்ச்சில், மூன்று மைல் தீவு உலையில் உருகிப்போன எரிபொருளின் மிச்சத்தை ஏற்றி வந்த ரயில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு காரை இடித்தது. பெட்டகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, ஆயிரக்கணக்கான லாரிகளை அனுப்பினால் மொத்தத்தில் மக்களுக்கு எவ்வளவு பாதிப்பு? இதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், தெரியுமா? அதற்கென்றே ஒரு கணினி நிரல்: 'ராட்ரான்'. 1970களில் அதே சாண்டியா ஆய்வகம் எழுதியது. சாலையின் இரண்டு பக்கமும் 800 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையை எடுத்துக்கொள்ளும். அதில் கிராமம் எவ்வளவு, புறநகர் எவ்வளவு, நகரம் எவ்வளவு, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், பக்கத்தில் எத்தனை கார் ஓடும், டீசல் போட லாரி எங்கே நிற்கும், ரயில் யார்டில் எத்தனை மணி நேரம் கிடக்கும் எல்லாம் உள்ளே போகும். வெளியே வருவது ஒரு எண்.

அந்த எண் எவ்வளவு சின்னது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்! சாலையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். பெட்டகம் ஏற்றிய லாரி மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு போகிறது. நீங்கள் வாசலிலேயே நின்று வேடிக்கை பார்க்கிறீர்கள். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2014ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உங்கள் உடம்பில் சேரும் கதிர்வீச்சு மைக்ரோசீவர்ட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வாழைப்பழத்தில் இயற்கையாக இருக்கும் பொட்டாசியத்தின் கணக்கு மைக்ரோசீவர்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்பார்கள். அதாவது ஒரு பழத்தைப் பதினைந்து துண்டாக நறுக்கி, ஒரே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி! (பொட்டாசியத்தை உடம்பு சேர்த்து வைக்காது, அவ்வப்போது வெளியேற்றிவிடும், ஒப்பீடு சரியில்லை என்று இயற்பியல் வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.) இன்னொரு எண்ணும் அதே அறிக்கையில் இருக்கிறது: விபத்தில் கதிரியக்கப் பொருள் வெளியே வருவதற்கான வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

அப்படியானால் யாருக்குத்தான் பாதிப்பு? இங்கேதான் வேடிக்கை ஆரம்பம்! வாசலில் நிற்பவருக்கு இல்லை. டிரைவருக்கு. கூடவே போகும் காவலருக்கு. மாநில எல்லையில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து சோதிக்கும் இன்ஸ்பெக்டருக்கு. ரயில் யார்டில் பெட்டியை மாட்டிக் கழற்றும் தொழிலாளிக்கு. பெட்ரோல் பங்க் ஆளுக்கு. விதிப்படி வண்டியிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் மணிக்கு 0.1 மில்லிசீவர்ட் வரை அனுமதி உண்டு. போக்குவரத்து நெரிசலில் அந்த லாரிக்குப் பக்கத்து வரிசையில் உங்கள் கார் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டது என்றால், மிக மோசமாகப் பார்த்தாலும் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்த மாதிரி. மதிப்பீடு செய்பவர்கள் டிராஃபிக் ஜாமையும் விட்டுவைக்கவில்லை, அதற்கென்று தனி வரியே போட்டிருக்கிறார்கள்!

இதைவிட ஆச்சரியம், நெவாடா மாநிலத்தில் யக்கா மலைக்குள் அணுக்கழிவைப் புதைக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை 2002ல் வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிக்கை. எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் கிடக்கும் கழிவை அங்கே சேர்க்க 24 வருடம் ஆகும் என்று கணக்கு. பெரும்பாலும் லாரியில் அனுப்பினால் சுமார் 53,000 நடை! நாளைக்கு ஆறு லாரி வீதம், 24 வருடம், ஞாயிறும் கிடையாது கிறிஸ்துமஸும் கிடையாது. பெரும்பாலும் ரயிலில் என்றால் சுமார் 9,600 பெட்டகம் ரயிலிலும், கொஞ்சம் லாரியிலும் போனால் போதும்.

சாவுக் கணக்கும் அதில் வந்தது. விபத்தில் கதிரியக்கம் வெளியாகி நேரும் சாவு எத்தனை? ஒன்றுக்கு எத்தனையோ மடங்கு கீழே, பூஜ்யத்துக்குப் பக்கத்தில். சாதாரணமாக லாரியும் காரும் மோதி, ரயிலில் அடிபட்டு நேரும் சாவு? அது ஒற்றை இலக்கத்தில் நிஜமாகவே நிற்கிறது! டென்னஸி டிரைவர் ஞாபகம் இருக்கிறதா? இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வரும் லாரிக்கும் சேர்த்துக் கணக்கு, ஏனென்றால் காலி லாரியும் ஆளை இடிக்கும். அதோடு விட்டார்களா? லாரிகள் கக்கும் டீசல் புகையால் எத்தனை பேர் சாவார்கள் என்றும் ஒரு பத்தி! அணுக்கழிவைப் பற்றிப் பயந்து அறிக்கையைத் திறந்தவருக்கு எதிரே வந்து நிற்பது டயர், பிரேக், புகை. ரயில்தான் மேல் என்று பல மதிப்பீடுகள் சொல்வதற்கும் காரணம் இதுதான்: நடை குறைவு, நடை குறைந்தால் மோதல் குறைவு.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உறுத்தல் உண்டு. மிகமிகச் சின்ன அளவை மிகமிகப் பெரிய ஜனத்தொகையால் பெருக்கினால் தாளில் ஒரு சாவு எண் முளைத்துவிடும். கோடிப் பேருக்கு ஆளுக்கு ஒரு கடுகு, மொத்தம் இத்தனை மூட்டை என்பது போல. அந்த மூட்டையை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையமே 2007ல், இப்படி அற்ப அளவுகளைக் கூட்டிச் சாவு எண்ணிக்கை சொல்லாதீர்கள் என்று எச்சரித்தது. எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் அந்த எச்சரிக்கையைச் சௌகரியம்போல மறந்துவிடுகிறார்கள்.

நெருப்புக்கு வருவோம். முப்பது நிமிடம் 800 டிகிரி என்பது பரீட்சை. நிஜ நெருப்பு கடிகாரம் பார்க்குமா? 2001 ஜூலை 18, பால்டிமோர் நகரம். ஊருக்கு அடியில் ஓடும் ஹோவர்ட் தெரு ரயில் சுரங்கம், நூறு வருடத்துக்கு மேல் பழையது. 60 பெட்டி கொண்ட கூட்ஸ் ரயிலில் 11 பெட்டி உள்ளே தடம்புரண்டது. ரசாயன டேங்கரிலிருந்து கொட்டியது பற்றிக்கொண்டது. செங்கல் வளைவு அடுப்பாகவே மாறிவிட்டது. தண்ணீர்க் குழாய் வெடித்துத் தெருவில் வெள்ளம். ஊர் பேஸ்பால் ஆட்டம் ரத்து. தீ முழுசாக அணைய நாட்கள் ஆயின. அந்த ரயிலில் அணுக்கழிவு எதுவும் இல்லை. ஆனால் "இருந்திருந்தால்?" என்று ஒழுங்குமுறை ஆணையம் மூன்று வகைப் பெட்டகத்தைக் கணினியில் அந்தச் சுரங்கத்துக்குள் நிறுத்திப் பார்த்தது. எரிபொருள் வெளியே வராது என்றது கணக்கு. ஆனால் இரண்டு வகையில் மூடியின் அடைப்பான் சூட்டில் தளர்ந்து, உள்ளே ஒட்டியிருக்கும் துரு போன்ற கதிரியக்கத் தூசி அற்பமாகக் கசியலாம் என்றும் அதே கணக்கு ஒத்துக்கொண்டது. எஃகுக் கலத்துக்குள் எரிபொருளை வைத்து வெல்டிங் செய்து மூடி, அதைப் பெட்டகத்துக்குள் வைக்கும் மூன்றாவது வகை தப்பித்தது.

விளைவு என்ன தெரியுமா? பெட்டகத்தை இன்னும் தடிமனாக்கவில்லை. ரயில் ஓட்டும் விதியை மாற்றினார்கள்! அணு எரிபொருள் வண்டி இரட்டைத் தண்டவாளச் சுரங்கத்துக்குள் இருக்கும்போது எரியும் சரக்கு ஏற்றிய வண்டி எதிரே நுழையக் கூடாது. அவ்வளவுதான். 2006ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகமும் நீண்ட நேரம் எரியும் தீ ஒன்றைத்தான் தனியாகச் சுட்டிக்காட்டி, இதற்கென்றே தனி ரயில் விடுங்கள், பழைய ஆறிய கழிவை முதலில் அனுப்புங்கள் என்றது.

எஃகு வியர்க்கும், தெரியுமா? பெட்டகத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கித்தான் எரிபொருளை ஏற்றுவார்கள். அந்தத் தண்ணீரின் கதிரியக்கத் துகள் எஃகின் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துடைத்து, அளந்து, "சுத்தம்" என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள். வழியில் வெயிலும் மழையும் பட்டதும் துகள் மெல்ல வெளியே வரும்! 1998ல் பிரான்சுக்குப் போன பெட்டகங்களில் இப்படி வரம்பை மீறிய மேற்பரப்பு மாசு இருந்ததும், நிறுவனங்களுக்கு அது முன்பே தெரிந்திருந்ததும் வெளியே வந்து ஐரோப்பாவே கொந்தளித்தது. ஜெர்மனியில் போக்குவரத்தை நிறுத்தி உத்தரவிட்ட சுற்றுச்சூழல் அமைச்சர் யார்? பிற்பாடு அந்நாட்டின் சான்சலரான அங்கேலா மெர்க்கல்! உடம்புக்கு வந்த கேடு அற்பம். நம்பிக்கைக்கு வந்த கேடு அப்படியில்லை.

அந்த நம்பிக்கை போனதன் விலையைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மனியின் கோர்லேபன் போக வேண்டும். அங்கே போன கழிவு, பெரும்பாலும் பிரான்சில் மறுசுழற்சி செய்து கண்ணாடியாக உருக்கியது, ரயிலில் வந்து கடைசி இருபது கிலோமீட்டர் லாரியில் ஏறும். 1995க்கும் 2011க்கும் இடையில் பதின்மூன்று தடவை. விவசாயிகள் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினார்கள். கான்கிரீட் கட்டைக்குள் கையை விட்டுப் பூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் படுத்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லியைக் கையால் தோண்டி எடுத்தார்கள். 2010ல் ஆட்டு மந்தையையே சாலையில் ஓட்டிவிட்டார்கள்! 160 கிலோமீட்டர் ரயிலுக்கு அசையாத பெட்டகம் ஆடுகளுக்காக நின்றது. 2011ல் கடைசி வண்டி வந்து சேர ஐந்து நாள். காவலுக்குச் சுமார் 20,000 போலீஸ். 2004ல் பிரான்சின் லொரேன் பகுதியில் தண்டவாளத்தில் இருந்த ஓர் இளம் போராளி, அந்த ரயிலில் அடிபட்டு இறந்தார். கதிர்வீச்சால் இல்லை. ரயில் என்பதால்.

பயத்துக்கு நீதிமன்றம் விலை போட்டது, தெரியுமா? நியூ மெக்ஸிகோவில் சாந்தா ஃபே நகரம், அணு ஆயுதத் தொழிற்சாலைக் கழிவு லாரிகளுக்காகப் புறவழிச்சாலை போட ஒரு குடும்பத்தின் நிலத்தை எடுத்தது. "லாரி வரும் முன்பே எங்கள் மிச்ச நிலத்தை எவனும் வாங்க மாட்டேன் என்கிறான்" என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கு. ஆபத்து நிஜமா என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை. ஜனங்கள் பயப்படுகிறார்கள், விலை இறங்குகிறது, அது போதும் என்றது. 1992ல் மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்த தொகை, பயத்துக்கு மட்டும் 3,37,815 டாலர்! ராட்ரானுக்குள் இந்த எண்ணைப் போட இடமே கிடையாது.

கடைசியாக ஒரு ரயில் பெட்டி. அமெரிக்க எரிசக்தித் துறை இந்தப் பெட்டகங்களுக்கென்றே 'அட்லஸ்' என்று ஒன்றைக் கட்டியது. பன்னிரண்டு அச்சு, அதாவது இருபத்துநான்கு சக்கரம். 200 டன்னுக்கு மேல் தூக்கும். 2023 செப்டம்பரில் கொலராடோவின் ப்யூப்லோவிலிருந்து ஐடஹோவுக்குப் போய்த் திரும்பியது, சுமார் 2,700 கிலோமீட்டர். மேலே இருந்தது பெட்டகத்தின் கனத்துக்குச் செய்த வெறும் எஃகுச் சுமை. குலுங்கல், சாய்வு, வளைவு எல்லாம் அளந்து 2024ல் ரயில்வே சங்கம் சான்றிதழ் கொடுத்துவிட்டது. வண்டி தயார், பெட்டகம் தயார், கணக்கும் தயார். போய்ச் சேர வேண்டிய யக்கா மலைத் திட்டத்துக்கு 2011லேயே பணம் நின்றுபோயிற்று. அந்த மலைக்குப் போக நெவாடா பாலைவனத்தின் குறுக்கே போடுவதாக இருந்த முன்னூறு மைல் ரயில் பாதையில் இன்றுவரை ஒரு தண்டவாளம்கூடப் பதிக்கவில்லை!